வெளிநாட்டுச் சந்தைக்குப் புறப்படும் முன் திருத்தணி

நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து பாங்காக், பினாங்கு, சிங்கப்பூர் என்று கிளம்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. விமான டிக்கெட், விசா, தங்கும் அறை எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் திட்டம் போடுகிறார்கள். போன இடத்தில் தெருச் சந்தையில் எப்படி நடப்பது, தெருக்கடையில் எப்படிச் சாப்பிடுவது என்பதற்கு மட்டும் யாரும் தயாராவதில்லை. அது தானாக வந்துவிடும் என்ற நினைப்பு. அங்கே போனதும், கைபேசியில் குறித்துவைத்த ஐந்து கடைகளைத் தேடி அலைந்து, வரிசையில் நின்று, எல்லோரும் எடுத்த அதே படங்களை எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். கடைகளைப் பார்த்தார்கள், சந்தை கண்ணில் படவே இல்லை. சந்தையில் நடப்பது கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு திறமை என்பதே இந்த இயலின் வாதம். அதைக் கற்க விமானம் ஏறத் தேவையில்லை. பாதி தெரிந்ததும் பாதி தெரியாததுமான ஓர் ஊர் போதும். சென்னையிலிருந்து புறநகர் மின்சார ரயிலிலேயே போய்ச் சேரக்கூடிய திருத்தணியும், அதை அடுத்து ஆந்திரத்தில் இருக்கும் நகரியும் அதற்குப் பொருத்தமான இடங்கள்.

எல்லைக்கோடும் சந்தையும்

திருத்தணியை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு அதன் வரலாறே முதல் சான்று. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதற்குள்தான் இருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூரோடு சேர்ந்து திருத்தணியும் அங்கே போனது. ம.பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நகரி, புத்தூர், சித்தூர், திருப்பதி எல்லாம் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. இன்று திருத்தணிக் கடைத்தெருவின் முக்கியச் சாலைக்கு ம.பொ.சி. பெயர்தான். ஆனால் அந்தச் சாலையில் அரைமணி நேரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டால் தமிழும் தெலுங்கும் மாறி மாறி விழும். எந்த மொழியில் கேட்டாலும் அந்த மொழியிலேயே விலை சொல்லும் கடைக்காரர்கள் இங்கே சாதாரணம். நிர்வாகம் பிரிந்தது, கொடுக்கல் வாங்கல் பிரியவில்லை.

அடுப்பும் பிரியவில்லை. வட தமிழகத்துக் கேழ்வரகுக் களியையும் சித்தூர் வட்டாரத்து ராகி சங்கடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அரிசியையோ நொய்யையோ குழைய வேகவைத்து, அதில் கேழ்வரகு மாவைக் கொட்டி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிளறி உருண்டை பிடிக்கிறார்கள். வேறுபாடு தொட்டுக்கொள்வதில் தொடங்குகிறது. இந்தப் பக்கம் கீரைக் கடைசலும் கருவாட்டுக் குழம்பும் கூட வருகின்றன. அந்தப் பக்கம் நாட்டுக்கோழிப் புலுசும் காரம் தூக்கலான வேர்க்கடலைச் சட்னியும் வருகின்றன. தெரிந்த உணவு ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியாத உணவாக மாறுவதை ஒரே நாளில் நாக்கால் அறிய முடிகிறது என்பதுதான் எல்லையூரின் பயன். நேரே பாங்காக்கில் போய் இறங்குபவருக்கு எல்லாமே புதிது. எதை எதோடு ஒப்பிடுவது என்று தெரியாது. ஒப்பிட ஏதுமில்லாதபோது எல்லாம் வியப்பாகத் தோன்றும்; எதுவும் விளங்காது.

இது மிக எளிய பயிற்சி, வெளிநாட்டில் நாணயமும் எழுத்தும் சட்டமும் வேறாக இருக்குமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நீந்தக் கற்பவரை முதல் நாளே கடலில் இறக்குவதில்லை. ரூபாயும் சட்டமும் பழக்கமானவையாக இருக்கும் இடத்தில்தான் மற்றவற்றின் மேல் கவனம் வைக்க முடியும். எழுத்துத் தெரியாத ஊரில் நடப்பது எப்படி இருக்கும் என்பதை நகரியே காட்டிவிடும். ரயிலில் போனால் பொன்பாடியோடு தமிழ்நாடு முடிகிறது. அடுத்த நிலையம் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. நாட்டின் மிக நீளமான நிலையப் பெயர்களுள் ஒன்று. அதற்கும் அடுத்து நகரியில் இறங்கியதும் கடைப் பலகைகள் தெலுங்கில் இருக்கும். பெரும்பாலான தமிழருக்கு அதை வாசிக்க வராது. அப்போது பலகையை விட்டுவிட்டு அடுப்பையும், தட்டையும், அங்கே உட்கார்ந்து சாப்பிடுபவர்களையும் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுக்க வேண்டிவரும். தாய்லாந்திலும் வியட்நாமிலும் தேவைப்படுவது இந்தப் பார்வைதான்.

யாருக்கான சந்தை, எப்போதைய சந்தை

சந்தைக்குள் நுழைந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தக் கடை யாருக்காக நடக்கிறது என்பது. திருத்தணியில் இதற்கான விடை இரண்டாகப் பிரிந்து தெளிவாகத் தெரியும். முருகன் கோயில் இருக்கும் மலையின் அடிவாரத்திலும் கோயில் குளமான சரவணப் பொய்கைப் பக்கமும் இருக்கும் கடைகள் வெளியூர்ப் பக்தர்களுக்கானவை: தேங்காய், மாலை, கற்கண்டு, பேரீச்சம்பழம், பொரி, வேல், கயிறு, குழந்தைகளுக்கான பொம்மை. காமராஜர் பெயர் தாங்கிய காய்கறி மார்க்கெட்டும் அதைச் சுற்றிய தெருக்களும் ஊர்க்காரர்களுக்கானவை. முதல் வகைக் கடைக்காரர் ஒருமுறை வருபவரை நம்பி இருக்கிறார். இரண்டாம் வகைக் கடைக்காரர் நாளையும் வருபவரை நம்பி இருக்கிறார். விலை, தரம், பேச்சு மூன்றும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன. உள்ளூர் உணவை அறிய வேண்டுமென்றால் இரண்டாம் வகைக்குப் போங்கள். பிரசாதம், நினைவுப் பொருள் என்றால் முதல் வகையே சரி. இரண்டையும் குழப்பிக்கொண்டு, அடிவாரக் கடையில் காய்கறி மார்க்கெட் விலையை எதிர்பார்ப்பதும் மார்க்கெட்டில் அழகான பொட்டலத்தைத் தேடுவதும்தான் ஏமாற்றத்துக்குக் காரணம். எந்த நாட்டுச் சந்தையிலும் இதே கேள்வி பொருந்தும்.

இரண்டாவது கேள்வி, எப்போது. சந்தைக்குக் கடிகாரமும் உண்டு, நாள்காட்டியும் உண்டு. காய்கறியும் கீரையும் பூவும் விடிகாலையில் வந்து இறங்கும். பத்து மணிக்குப் போனால் மிச்சம்தான். பஜ்ஜி, போண்டா, சுண்டல், வேகவைத்த வேர்க்கடலை எல்லாம் மாலை வெயில் தாழ்ந்த பிறகு. இடைப்பட்ட மதியம் சாப்பாட்டுக் கடைகளுக்கு உரியது. ஆகவே ஒரு நாளை மூன்றாகப் பிரித்து, காலையில் மார்க்கெட், மதியம் நகரியில் சாப்பாடு, மாலையில் திரும்பி வந்து கடைத்தெரு என்று வைத்துக்கொள்வதே வசதி.

நாள்காட்டி இன்னும் நுட்பமானது. செவ்வாய்க்கிழமைகளிலும் மாதக் கிருத்திகையிலும் கூட்டம் கூடும். ஆடிக் கிருத்திகை இங்கே ஆண்டின் பெரிய விழா. பூக்காவடிகள் ஆயிரக்கணக்கில் வரும், பொய்கையில் தெப்பம் நடக்கும், பூவின் விலை ஏறும், போக்குவரத்துப் பாதையே மாறும். டிசம்பர் 31 அன்று படித் திருவிழா. 365 படிகளையும் பாடிக்கொண்டே ஏறும் கூட்டத்தில் கடைத்தெருவை நிதானமாகப் பார்க்க வழியே இராது. கந்த சஷ்டிக்கு வந்தால் மற்ற முருகன் தலங்களைப் போல இங்கே சூரசம்ஹாரம் கிடையாது. சினம் தணிந்த தலம் என்பதால் புஷ்பாஞ்சலிதான். புரட்டாசியில் தமிழ்க் குடும்பங்கள் பல அசைவத்தைத் தவிர்க்கும். தெலுங்குக் குடும்பங்களில் அந்த விரதம் பெரும்பாலும் அவர்களுடைய கார்த்திக மாதத்தில் வரும். அந்த மாதம் சந்திரக் கணக்குப்படி தீபாவளிக்கு மறுநாள் தொடங்கும். அரைமணி நேரப் பயண தூரத்தில் இரண்டு நாள்காட்டிகள் இரண்டு விதமாகச் சமையலை மாற்றுகின்றன. இதைக் கவனிக்கப் பழகியவர் மலேசியாவுக்கு ரமலான் மாதத்தில் போனால், பகலில் மூடிக் கிடக்கும் கடைகளைக் கண்டு சலித்துக்கொள்ள மாட்டார். பிற்பகலில் கூடும் ரமலான் சந்தைக்காகக் காத்திருப்பார். முதல் பயிற்சிக்கு விழா இல்லாத ஒரு சாதாரண வார நாளே நல்லது. ஊர் தன் இயல்பில் இருக்கும் நாளைப் பார்த்த பிறகே விழா நாளின் மாற்றம் புரியும்.

அளவும் விலையும்

வெளிநாட்டில் ஏமாந்துவிட்டோம் என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் அளவைப் புரிந்துகொள்ளாதவர்கள். நம் சந்தையிலேயே எத்தனை அளவுகள் என்று எண்ணிப் பாருங்கள். கீரை கட்டில், தக்காளி கிலோவில், மாலையில் மிஞ்சிய காய் கூறில், வாழைப்பழம் சீப்பில் அல்லது டஜனில், வெற்றிலை கவுளியில், வேர்க்கடலை படியில், பூ முழத்தில். பூக்கடை முன் சற்று நின்று கவனியுங்கள். பூக்காரம்மா சரத்தின் ஒரு முனையை முழங்கையில் வைத்து விரல் நுனி வரை இழுத்து ஒரு முழம் என்கிறார். அளவுகோல் அவருடைய கைதான். கை நீளமானவரிடம் சரமும் நீளும். அதைவிட முக்கியம் கட்டின் நெருக்கம். பூவைத் தொட்டுத் தொட்டுக் கட்டிய முழத்துக்கும் இடைவெளி விட்டு நூலை ஓட்டிய முழத்துக்கும் பூவின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இருக்கும். ஆகவே இரண்டு கடைகளின் முழ விலையை ஒப்பிடும் முன் இரண்டு சரங்களையும் பாருங்கள். எந்த நாட்டில் எந்த அளவு சொன்னாலும், விலையைக் கேட்கும் முன் அந்த அளவுக்கு எவ்வளவு வரும் என்று கண்ணால் பார்த்துக்கொள்ளும் பழக்கம் இங்கேயே வந்துவிடும்.

பேரம் பற்றி ஒரு தெளிவு வேண்டும். தரையில் சாக்கு விரித்துக் கீரையும் காயும் விற்பவரிடம் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது திறமை ஆகாது. அவருடைய இலாபமே அந்த ஐந்து ரூபாயாக இருக்கலாம். மூன்று கடைகளில் விலை கேட்டு, நடுவிலையில் கொடுப்பவரிடம் வாங்குவது போதும். துணி, பொம்மை, நினைவுப் பொருள் ஆகியவற்றில் பேரத்துக்கு இடம் உண்டு. இந்த வட்டாரம் நெசவுக்குப் பெயர்பெற்றது. பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் நகரியிலும் விசைத்தறிகள் ஓடுகின்றன. லுங்கியோ சேலையோ வாங்குவதாக இருந்தால், தறியிலிருந்து நேராக வந்ததா, எந்த ஊர்த் தறி, பருத்தியா கலப்பா என்று கேட்டு வாங்குங்கள். கேள்வி கேட்கத் தெரிந்தவருக்குக் கடைக்காரரும் அக்கறையாகக் காட்டுவார்.

தெலுங்கில் பத்து சொற்கள் போதும். ஒகடி, ரெண்டு, மூடு, நாலுகு, ஐது என்று எண்கள், எவ்வளவு என்று கேட்க ‘எந்தண்டி’, காரம் குறைவாக வேண்டும் என்றால் ‘காரம் தக்குவகா’, போதும் என்றால் ‘சாலு’, வேண்டாம் என்றால் ‘வத்து’, தண்ணீருக்கு ‘நீள்ளு’. அண்ணா, அக்கா, அம்மா என்ற விளிகள் இரண்டு பக்கமும் செல்லும். பிழையாகப் பேசினாலும் முயன்றவரை யாரும் அலட்சியப்படுத்துவதில்லை. பேசாமல் விரலை நீட்டிக் காட்டுபவருக்குப் பொருள் கிடைக்கும். அதைப் பற்றிய பேச்சு கிடைக்காது.

தட்டைப் பகிர்வது எப்படி

கூட்டமாகப் போனால் சந்தையை அறிய முடியாது, தனியாகப் போவதே மேல் என்பவர்கள் உண்டு. தனியாக நடப்பவரிடம் ஊர்க்காரர்கள் எளிதில் பேசுவார்கள் என்பதும், கும்பலாக நிற்பவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதும் உண்மை. ஆனால் உணவைப் பொறுத்தவரை ஒரு வயிறு போதாது. ஒருவர் ஒரு வேளையில் இரண்டு பண்டங்களைச் சாப்பிடலாம்; நான்கு பேர் ஆளுக்கு இரண்டு தட்டு வாங்கிப் பகிர்ந்தால் எட்டு வகையைக்கூட ருசி பார்க்கலாம். ஒப்பிட்டுப் பேசவும் ஆள் இருக்கும். ஆகவே நடப்பதைப் பிரிந்து நடங்கள், சாப்பிடுவதைச் சேர்ந்து சாப்பிடுங்கள். காலையில் இருவர் இருவராகப் பிரிந்து சந்தையைச் சுற்றி, ஒரு மணி நேரம் கழித்துக் குறித்த இடத்தில் கூடி, கண்டதைச் சொல்லிக்கொள்ளலாம். நால்வர் என்பது நல்ல எண்ணிக்கை. ஆறு பேருக்கு மேல் போனால் குறுகிய கடைத்தெருவில் நீங்களே ஓர் இடைஞ்சல்.

பொறுப்பையும் பிரித்துக்கொள்ள வேண்டும். பொதுப்பணத்தைச் சில்லறையாக மாற்றி ஒருவர் வைத்துக்கொள்ளட்டும். விலை கேட்பது ஒருவர், சாப்பிட்டதைக் குறித்துவைப்பது ஒருவர், நேரத்தையும் பைகளையும் பார்ப்பது ஒருவர். அடுத்த பயணத்தில் பொறுப்புகள் மாறட்டும். நண்பர்களுக்குள் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் பணத்தாலும் நேரத்தாலும்தான். இரண்டுக்கும் முன்பே ஆள் குறித்துவிட்டால் பேச்சு உணவைப் பற்றி இருக்கும். சைவம் மட்டும் உண்பவர், காரம் தாங்காதவர், வேர்க்கடலை ஒவ்வாதவர் யார் என்பதையும் கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சித்தூர்ப் பக்கச் சமையலில் வேர்க்கடலை நிறையவே சேரும்.

ஒரு பண்டத்தைப் பகிரும்போது அவசரப்படாமல் அதன் அமைப்பைப் பாருங்கள். ஆந்திர மிளகாய் பஜ்ஜியை எடுத்துக்கொள்வோம். பருத்த மிளகாயைக் கீறி, உள்ளே ஓமமும் புளியும் கலந்த விழுதைத் தடவி, கடலைமாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். சில கடைகளில் பொரித்ததை மறுபடி கீறி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தைத் திணித்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள். ஓமம் செரிமானத்துக்கு, புளியும் எலுமிச்சையும் காரத்தைச் சமன் செய்ய, வெங்காயம் எண்ணெய்ப் பிசுக்கை வெட்ட என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இப்படிப் பிரித்துப் பார்க்கப் பழகிய நாக்கு, பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் வளர்த்தெடுத்த நாசி கண்டார் தட்டின் முன்னும் திகைக்காது. எந்தக் குழம்பு எதற்காக எதன்மேல் ஊற்றப்படுகிறது என்று பார்க்கத் தொடங்கிவிடும்.

வயிற்றைக் காக்கும் விதிகள்

தெருக்கடையில் சாப்பிடுவதே ஆபத்து என்ற மறுப்பு வலுவானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் ஆபத்தைத் தீர்மானிப்பது கடைக்குச் சுவர் இருக்கிறதா என்பதல்ல. சமைத்து எவ்வளவு நேரமாயிற்று, எந்தச் சூட்டில் இருக்கிறது என்பதே. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது, பரிமாறும் வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கண்ணெதிரே கல்லிலிருந்து எடுத்துப் போடும் தோசை, காலையில் செய்து ஆறிப்போன உணவகத்துப் பொரியலைவிடப் பாதுகாப்பானது என்பது இதிலிருந்து புரியும். ஆகவே விதிகள் எளியவை. கூட்டம் வேகமாக நகரும் கடையில் சாப்பிடுங்கள், பண்டம் தேங்காது. சூடாக வருவதை எடுங்கள். ஆறிய சட்னியைத் தவிருங்கள். எண்ணெய் கறுத்து நுரைக்கிறதா என்று பாருங்கள். வெட்டிவைத்த பழத்தைவிட முழுப் பழம் நல்லது. ஐஸ் எந்தத் தண்ணீர் என்று தெரியாவிட்டால் வேண்டாம். செய்தித்தாளில் சுற்றித் தரும் பஜ்ஜியை வாங்காதீர்கள். அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் அப்படித் தருவதற்கு விதியே தடை விதிக்கிறது. வாழையிலையிலோ தொன்னையிலோ கேளுங்கள், இல்லையேல் சொந்தத் தட்டை நீட்டுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால் ஆளுக்கொரு துணிப்பையும் தேவை.

ஊரின் மரியாதை

கடைசியாக ஒரு மறுப்பு, இதுதான் மிகவும் கனமானது. ஆறுபடை வீடுகளுள் ஐந்தாவதான ஒரு தலத்தைத் தின்பண்டப் பயிற்சிக்களமாக்குவது தகுமா? மொட்டை போட்டுக்கொள்ளவும் காவடி செலுத்தவும் நெடுந்தூரம் நடந்து வருபவர்களின் நடுவே கைபேசியோடு ருசி தேடித் திரிவது அவமதிப்பாகாதா? நடத்தை சரியில்லையென்றால் அவமதிப்பேதான். ஆனால் கோயிலும் கடைத்தெருவும் இங்கே ஒன்றையொன்று சார்ந்தே வளர்ந்தவை. பக்தர் கூட்டம் இல்லாமல் இந்தச் சந்தை இல்லை. பூவும் பாலும் பழமும் தரும் இந்தச் சந்தை இல்லாமல் வழிபாடும் இல்லை. அதைப் புரிந்துகொள்ள வருபவர் அன்னியர் ஆகமாட்டார். முடி காணிக்கை செலுத்துபவரையும் காவடி எடுப்பவரையும் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. மலைக்கும் படிக்கட்டுப் பக்கமும் அசைவம் கொண்டுபோகக் கூடாது. அசைவச் சாப்பாட்டை மலை ஏறி இறங்கிய பிறகு, நகரிப் பயணத்தோடு வைத்துக்கொள்ளலாம். வியாபாரம் மும்முரமாக நடக்கும் வேளையில் கடையை மறித்துக்கொண்டு கேள்வி கேட்கக் கூடாது. ஏதேனும் வாங்கிவிட்டு, கூட்டம் குறைந்ததும் கேளுங்கள்.

இந்த ஒழுங்கும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதே. சிங்கப்பூரின் ஹாக்கர் உணவுப் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் இருந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று பொருள். சாப்பிட்ட தட்டை நாமே திருப்பி வைக்க வேண்டும்; 2021 செப்டம்பரிலிருந்து ஹாக்கர் மையங்களில் அதைக் கண்டிப்பாக அமல்படுத்துகிறார்கள். ஒவ்வொரு சந்தைக்கும் இப்படி எழுதிய விதியும் எழுதாத விதியும் உண்டு. அவற்றை முதலில் தேடுவது பழக்கமாகிவிட்டவரே நல்ல விருந்தாளி.

ஆகவே அடுத்த வெளிநாட்டுப் பயணத்துக்குப் பணம் சேர்க்கத் தொடங்கும்போதே, ஒரு சாதாரண வார நாளில் அதே நண்பர்களோடு திருத்தணிக்கு ஒரு பயணம் போடுங்கள். மாலையில் ஊர் திரும்பும் ரயிலில் நான்கு கேள்விகளுக்கு விடை சொல்லிப் பாருங்கள்: எந்தக் கடை யாருக்காக நடக்கிறது, எந்தப் பொருளுக்கு எது அளவு, எந்தப் பண்டம் எல்லை தாண்டியதும் எப்படி மாறியது, உங்களுக்குள் யார் எந்தப் பொறுப்பைச் சரியாகச் செய்தார். நான்கில் மூன்றுக்கு விடை வந்தால் நீங்கள் தயார். வராவிட்டால் டிக்கெட் எடுப்பதற்கு முன் இன்னொரு முறை போய்வாருங்கள். செலவு சில நூறு ரூபாய்தான், கற்றது எல்லா ஊருக்கும் ஆகும்.